பரம் கணினியும் அதன் வாயிலட்டையும்: ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880 ஆம் ஆண்டிலாகும். அப்பாதை மாத்தளையோடு நின்றுவிட்டது. ஆகவே அதற்கு வடபாலுள்ள வஹகோட்டை முதலிய ஊர்களின் விளைபொருள் புகைவண்டி ஏறவேண்டுமாயின், முதலில் மாட்டுவண்டியில் மாத்தளை நிலையத்தை அடைந்து, அங்கே நிறுக்கப்பட்டுப் பதியப்பட்டு, மூட்டை மூட்டையாக ஏற்றப்படல் வேண்டும். புகைவண்டி எத்துணை விரைந்து ஓடினும், ஏற்றுமேடையிற் கழியும் பொழுதைக் குறைக்க அதனால் இயலாது. போக்குவரத்து வரலாறு எழுதுவோர் பாதையின் நீளத்தையும் வண்டியின் வேகத்தையும் விரித்துரைப்பர். ஏற்றுமேடையை நினைவுகூர்வோர் அரியர்.

கணினியின் வரலாற்றிலும் இக்குறை உண்டு. செயலியின் வேகம் பெரிதும் பேசப்படுகிறது. கண்டங்களை இணைக்கும் ஒளியிழையின் பெருமையும் பேசப்படுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே அமர்ந்து, சேவையகத்தின் நினைவகத்திலிருந்து தரவை எடுத்து இழையில் ஏற்றியும், இழைவழி வந்ததை இறக்கி நினைவகத்திற் சேர்த்தும் நிற்கும் வலையமைப்பு இடைமுக அட்டையைப் பற்றிப் பேசுவார் இலர். உள்ளங்கையளவே உள்ள அவ்வட்டையை அயலார் கையை எதிர்பாராது தாமே ஆக்கிக்கொள்ள வேண்டுமென்று இந்திய விஞ்ஞானிகள் மேற்கொண்ட முயற்சி வெற்றியும் தளர்வும் மீட்சியும் கலந்ததொரு வரலாறாகும். அதனை ஆராய்வதே ஈண்டு நோக்கம்.

முதற்கண் அட்டையின் தொழில் யாதெனக் காண்போம். ஒரு சேவையகம் மற்றொன்றுக்கு அனுப்பும் தரவு, சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதிக்கும் முகவரி எழுதுதல், பிழை காணும் எண்ணைக் கணித்துச் சேர்த்தல், மின்குறியை ஒளிக்குறியாக மாற்றி இழையிற் செலுத்துதல், மறுமுனையில் இவையனைத்தையும் தலைகீழாகச் செய்தல் ஆகியன அதன் கடமைகள். பழைய அட்டைகளில் ஒரு பொதி வந்து சேர்ந்தவுடன் அட்டையானது செயலியை அழைக்கும். செயலி தான் செய்துகொண்டிருந்த கணக்கை நிறுத்திவிட்டு வந்து பொதியை ஏற்கும். நொடிக்கு 10 மெகாபிற்று என்ற வேகத்தில் இவ்வேற்பாடு இடையூறின்றி நடந்தது. நொடிக்கு 10 கிகாபிற்று என்ற வேகத்திலோ, 1500 பைற்றுப் பொதிகள் நொடியொன்றுக்கு எட்டு இலட்சத்துக்கு மேல் வந்துவிழும். ஒரு பொதிக்கும் அடுத்த பொதிக்கும் இடையே உள்ள காலம் ஏறத்தாழ 1.2 மைக்கிரோ நொடி. ஒவ்வொன்றுக்கும் செயலி எழுந்துவந்து கதவு திறக்குமாயின், அது வாயில்காப்போனாகுமேயன்றிக் கணக்கனாகாது.

இன்னொரு கணக்கையும் நோக்குதல் தகும். கண்ணாடி இழையினூடே ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்லும். இருபது மீற்றர் தொலைவிலுள்ள இரு சேவையகங்களுக்கிடையே அது செல்ல எடுக்கும் காலம் 100 நானோ நொடி மாத்திரமே. ஆனால் 1990 களின் வழக்கமான நெறிமுறை மென்பொருள் ஒரு பொதியை நினைவகத்தில் இங்குமங்கும் படியெடுத்து, பணிசெயல் முறைமையின் அனுமதி பெற்று வெளியேற்றப் பல பத்து மைக்கிரோ நொடிகள் சென்றன. அஃதாவது, வழியில் ஒரு பங்கு காலமும் வாயிலில் நூறு பங்குக்கு மேற்பட்ட காலமும் கழிந்தன. தாமதம் பாதையில் இல்லை, முனையிலேயே உள்ளது என்னும் இவ்வுண்மை, ஆயிரக்கணக்கான செயலிகளை ஒருங்கே உழைக்கச் செய்யும் மீக்கணினிகளுக்கு உயிர்நாடியானது. ஒரு செயலி தன் பங்கை முடித்தபின் அயலானுடைய விடைக்காகக் காத்திருக்குமாயின், அதன் வேகத்தாற் பயன் என்னை?

இழையின் வரலாறு பலரும் அறிந்ததாதலின் சுருங்கக் கூறுதல் போதும். பஞ்சாபின் மோகாவிற் பிறந்த நரீந்தர் சிங் கபானி, இலண்டன் இம்பீரியற் கல்லூரியில் ஹொப்கின்ஸ் என்பாரோடு கூடி, வளைந்த கண்ணாடி இழைக் கற்றையினூடே உருவத்தைச் செலுத்திக் காட்டிய ஆய்வு 1954 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அக்காலத்து இழை சில மீற்றருக்குள் ஒளியை விழுங்கிவிடுவது. செய்திப் போக்குக்கு உதவாதது. கண்ணாடியிலுள்ள மாசை நீக்கினால் ஒளி நெடுந்தூரம் செல்லும் என்று 1966 இல் ஹொக்கமுடன் சேர்ந்து நிறுவியவர் சார்ள்ஸ் காவோ. 1970 இல் அமெரிக்கக் கோணிங் கம்பனியார் அத்தகைய இழையை ஆக்கினர். காவோவுக்கு 2009 இல் நொபெற் பரிசு கிடைத்தது, கபானிக்குக் கிடைக்கவில்லை. இதனை அநீதி என்பாரும் உளர். இருவர் செய்தவையும் வெவ்வேறு பணிகள் என்பதே பொருத்தமான முடிபாகும்.

அட்டையின் வரலாறோ 1973 இல் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வகத்தில் றொபேட் மெற்காபும் டேவிட் பொக்ஸும் ஈதர்நெற்று என்னும் இணைப்பு முறையை வகுத்ததிலிருந்து தொடங்குகின்றது. மெற்காப் 1979 இல் திறீகொம் என்னும் கம்பனியை நிறுவி அட்டைகளை விற்கலானார். 1983 இல் நியமமாக ஏற்கப்பட்ட ஈதர்நெற்றின் வேகம் 10 மெகாபிற்று. 1995 இல் 100 மெகாபிற்று. 1998 இல் ஒளியிழையை முதன்மை ஊடகமாகக் கொண்டு 1 கிகாபிற்று. 2002 இல் 10. 2010 இல் 40 உம் 100 உம். 2017 இல் 400. முப்பத்துநான்கு ஆண்டுகளில் வேகம் நாற்பதினாயிரம் மடங்கானது. செயலியொன்றின் வேகம் அதே அளவிற் பெருகவில்லை. ஆதலின் செயலியின் வேலைகள் ஒவ்வொன்றாக அட்டைக்கு மாறின. அட்டை தானே நினைவகத்தை அணுகும் உரிமை பெற்றது. பிழை காணும் எண்ணைத் தானே கணித்தது. ஈற்றிற் பணிசெயல் முறைமையைக் கேளாமலே ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து மற்றொன்றின் நினைவகத்துக்குத் தரவை நேரே இடும் ஆற்றலும் பெற்றது. வாயில்காப்போனாய்த் தொடங்கிய அட்டை அமைச்சனாக உயர்ந்தது எனின் மிகையாகாது.

இனி இந்தியாவின் நிலைக்கு வருவோம். பருவமழையை முன்னறிதற்கு மீக்கணினி வேண்டுமென்று 1980 களில் இந்திய அரசினர் அமெரிக்காவை நாடினர். கேட்டது கிறே கம்பனியின் எக்ஸ்-எம்பி 24 என்னும் பொறி. அமெரிக்க அரசினர் விற்க இசைந்தது அதனினும் ஆற்றல் குறைந்த எக்ஸ்-எம்பி 14. மழையைக் கணிக்கும் பொறி அணுக்குண்டையும் கணிக்கும் என்பது அவர் அச்சம். அவ்வச்சம் முற்றும் அடிப்படையற்றது என்று கூறுதற்கில்லை. எனினும், ஒரு நாட்டின் உழவர் எதிர்நோக்கும் மழை பிறிதொரு நாட்டின் அனுமதிச்சீட்டில் தங்கியிருக்கும் நிலை பொறுத்தற்கரியதென இந்திய அறிஞர் கருதினர். 1988 மார்ச்சில் பூனா நகரில் உயர்நிலைக் கணிப்பு மேம்பாட்டு மையம் நிறுவப்பட்டது. சீ-டாக் என்பது அதன் வழக்குப் பெயர். விஜய் பட்கர் தலைமை தாங்கினார். தரப்பட்ட தவணை மூன்று ஆண்டு. பொருள் ஏறக்குறைய 30 கோடி ரூபா.

தனியொரு பேராற்றல் செயலியை ஆக்கும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே சிறு செயலிகள் பலவற்றைச் சேர்த்து ஒன்றாக உழைக்கச் செய்யும் வழியைத் தேர்ந்தனர். இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரில் இன்மொஸ் என்னும் கம்பனி ஆக்கிய ரான்ஸ்பியூற்றர் ரீ-800 என்னும் சில்லு அதற்கு ஏற்றதாயிருந்தது. ஏனெனில், அச்சில்லிலேயே நான்கு இணைப்புவாய்கள் அமைந்திருந்தன. ஒவ்வொன்றும் நொடிக்கு 20 மெகாபிற்று வரை செலுத்தும். தனியாக இடைமுக அட்டை வேண்டியதில்லை. ஒரு சில்லின் வாயை அடுத்ததன் வாயோடு கம்பியாற் பிணைத்தால் வலையமைப்பு உருவாகிவிடும். இவ்வாறு 64 அலகுகள் கொண்ட பரம் 8000 என்னும் பொறி 1991 இல் அரங்கேறியது. பரம் என்பது இணைநிலைப் பொறி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம். மேலானது என்னும் வடமொழிப் பொருளும் அதற்கு உண்டு.

அது உலகின் இரண்டாவது வேகமான கணினி என்று இன்றும் பலர் எழுதுவர். வரலாற்று மாணவர் இதனை எச்சரிக்கையோடு கொள்ளுதல் வேண்டும். 20 மெகாஹேர்ற்சில் இயங்கும் ரீ-800 ஒன்று நொடிக்குச் செய்த தசமக் கணக்குகள் ஏறத்தாழ 15 இலட்சம். 64 சில்லுகள் சேர்ந்தாற் பத்துக் கோடியை அணுகும். அக்காலத்துக் கிறே வை-எம்பி எட்டுச் செயலிகளோடு இருநூறு கோடிக்கு மேல் செய்ய வல்லது. பரம் 8000 இன் பெருமை வேகத்தில் இல்லை. மறுக்கப்பட்ட நாடொன்று தவணைக்குள், சொற்பச் செலவில், இயங்கும் பொறியொன்றை ஆக்கிற்று என்பதே பெருமை. இல்லாத பெருமையை ஏற்றிக் கூறுவதால் உள்ள பெருமை மங்கிப்போகும்.

சில்லில் இணைப்புவாய் அமைந்திருந்த வசதி நெடுங்காலம் நீடிக்கவில்லை. இன்மொஸ் கம்பனி 1989 இல் கைமாறியது. ரான்ஸ்பியூற்றரின் அடுத்த தலைமுறை காலந்தாழ்ந்து வந்து சந்தையில் தோற்றது. கணக்கிடும் வேகத்தில் ஏனைய செயலிகள் அதனை முந்திச் சென்றன. சீ-டாக் அறிஞர் பரம் 8600 என்னும் அடுத்த பொறியில் கணக்கிடும் பணியை இன்ரெல் ஐ-860 செயலிக்குக் கொடுத்து, செய்திப் போக்குவரத்தை மாத்திரம் ரான்ஸ்பியூற்றருக்கு விட்டனர். வரலாற்று நோக்கில் இது மிக முக்கியமானதொரு திருப்பம். நேற்றுவரை அரசனாயிருந்த சில்லு இன்று வாயிலுக்கு வந்தது. கணக்கு வேறு, செய்திப்போக்கு வேறு என்ற பிரிவினை அன்றே தோன்றிற்று. பின்னர் வந்த தொடர்புத் துணைச்செயலிகளுக்கெல்லாம் கருத்தளவில் இதுவே முன்னோடி எனலாம்.

1998 இல் வெளியான பரம் 10000, சன் கம்பனியின் சந்தைச் சேவையகங்களையே அலகுகளாகக் கொண்டது. ஒவ்வொன்றிலும் அல்ராஸ்பார்க் செயலிகள் இரண்டு. 160 செயலிகள் சேர்ந்து நொடிக்குப் பதினாயிரம் கோடிக் கணக்குகளைச் செய்யும். சேவையகத்தைக் கடையிலே வாங்கலாம். மென்பொருளைத் தாமே எழுதலாம். ஆனால் சேவையகங்களைப் பிணைக்கும் அதிவேக அட்டையும் ஆளியும்? அந்நாளில் எங்கும் கிடைத்த ஈதர்நெற்று 100 மெகாபிற்று. கிகாபிற்று ஈதர்நெற்று அவ்வாண்டிலேதான் நியமமாயிற்று. கலிபோணியத் தொழில்நுட்பக் கழகத்தினின்றும் பிரிந்து வந்தோர் நிறுவிய மிரிகொம் கம்பனியின் மிரிநெற்று 1.28 கிகாபிற்று அளவிற் செலுத்த வல்லதாய்ச் சிறந்து விளங்கிற்று. இந்நிலையில் சீ-டாக் தானே ஆக்கிய பரம்நெற்று என்னும் பிணைப்பு, எட்டு வாய்கள் கொண்ட ஆளியோடு, ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு திசையிலும் 400 மெகாபிற்று செலுத்தியது. ஈதர்நெற்றின் நான்கு மடங்கு. மிரிநெற்றின் மூன்றில் ஒரு பங்குக்குச் சிறிது குறைவு. முதன்முயற்சிக்கு இது குறைவான பேறு அன்று. அவ்வாண்டு மே மாதத்திற் பொக்கிரானில் அணுச்சோதனை நிகழ்ந்ததும், அமெரிக்கா பொருளாதாரத் தடைகளை விதித்ததும் யாவரும் அறிந்ததே. கடையில் வாங்கிய பொருள் நாளையும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாக்கிற்று.

இரண்டாம் பரம்நெற்று 2003 இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பரம் பத்மாவோடு வந்தது. ஐபிஎம் கம்பனியின் பவர்-4 செயலிகள் 248 கொண்ட அப்பொறி, நொடிக்கு இலட்சம் கோடிக் கணக்குகள் என்னும் எல்லையைக் கடந்த முதல் இந்தியக் கணினியாகும். உலகின் 500 மீக்கணினிகளின் பட்டியலில் அவ்வாண்டு யூனில் 171 ஆம் இடம் பெற்றது. பிணைப்பின் வேகம் 2.5 கிகாபிற்று. எனினும் வேகத்தினும் பெரிதாகக் கருதத்தக்கது அதன் அமைப்பிலுள்ள நுட்பமே. பணிசெயல் முறைமையை வழியினின்றும் விலக்கி, பயன்பாட்டு மென்பொருளே அட்டையோடு நேரே பேசும் முறையொன்றைக் கோணெல் பல்கலைக்கழகத்தார் 1990 களின் நடுவில் ஆய்ந்திருந்தனர். இன்ரெல், கொம்பாக், மைக்கிரோசொவ்ற் ஆகிய மூன்று கம்பனிகள் அவ்வழியில் 1997 இல் மாய இடைமுகக் கட்டமைப்பு என்னும் நியமத்தை வகுத்தன. பத்மாவின் அட்டை அந்நியமத்தைத் தழுவியதாகும். ஆகவே பூனாவிலும் பெங்களூரிலும் இருந்த அறிஞர் உலக ஆய்வின் ஓட்டத்தை அறியாது கிணற்றுத் தவளையாய் இருந்தனர் என்று எவரும் குறைகூற முடியாது.

2008 நவம்பரில் பரம் யுவா வந்தது. 4608 செயலிக்கருக்கள், நொடிக்கு 54 இலட்சம் கோடிக் கணக்குகள் வரை. மூன்றாம் பரம்நெற்று அதன் முதன்மைப் பிணைப்பு. அட்டையில் அமர்ந்த தொடர்புத் துணைச்செயலிக்கு ஜெமினி என்று பெயர். அது சீ-டாக்கின் நான்காம் தலைமுறைத் துணைச்செயலியாகும். 48 வாய்கள் கொண்ட ஆளிக்கு அன்வய் என்றும், இலேசான நெறிமுறை மென்பொருளுக்குக் க்ஷிப்ரா என்றும் பெயரிட்டனர். க்ஷிப்ரம் என்பது விரைவு. அன்வயம் என்பது தொடர்பு. செய்யுளிற் சிதறிக் கிடக்கும் சொற்களைப் பொருள் தொடர்புபடக் கூட்டும் முறையை உரையாசிரியர் மரபும் இச்சொல்லால் வழங்கும். தமிழ் இலக்கணத்தார் கொண்டுகூட்டு என்பதோடு ஒப்பிடத்தக்கது. சிதறி வரும் பொதிகளை உரிய வாயில்களிற் சேர்க்கும் ஆளிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்ப்பது அரிது.

பெயர் பொருந்திற்று, காலம் பொருந்தவில்லை. மூன்றாம் பரம்நெற்றின் வேகம் 10 கிகாபிற்று. அதற்குள் உலகச் சந்தையில் இன்பினிபாண்ட் என்னும் பிணைப்பு வேரூன்றிவிட்டது. 1990 களின் ஈற்றில் ஒன்றோடொன்று போட்டியிட்ட இரு கூட்டணிகள் இணைந்து வகுத்த நியமம் அது. முதல் விதிநூல் 2000 ஆம் ஆண்டில் வந்தது. இஸ்ரவேலில் 1999 இல் தோன்றிய மெலனொக்ஸ் கம்பனி அவ்வட்டைகளை ஆக்குவதில் முன்னணியில் நின்றது. பரம் யுவா அரங்கேறிய 2008 ஆம் ஆண்டிலேயே 40 கிகாபிற்று இன்பினிபாண்ட் அட்டைகள் சந்தைக்கு வரத் தொடங்கின. 2003 இல் அண்மையில் இருந்த இலக்கு ஐந்தாண்டுகளில் நான்கு மடங்கு விலகிச் சென்றது. 2013 பெப்ரவரியில் பரம் யுவாவின் இரண்டாம் வடிவம் வெளியானபோது, நொடிக்கு 524 இலட்சம் கோடிக் கணக்குகள் என்னும் அதன் பேராற்றலைப் பிணைத்தது 56 கிகாபிற்று இன்பினிபாண்டேயாகும். பதினைந்து ஆண்டுகள் தம் கையாற் செய்த வாயிலை விட்டு, கடையில் வாங்கிய வாயிலை மாட்ட நேர்ந்தது.

இத்தளர்வுக்குக் காரணம் யாது? அறிவுக் குறைவு அன்று. சில்லொன்றை வடிவமைப்பதற்காகும் பெருஞ்செலவை எத்தனை அட்டைகளின் மேற் பகிரலாம் என்பதே விடயம். பத்மாவிலுள்ள ஒவ்வொரு செயலிக்கும் ஓர் அட்டை என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 248 அட்டைகளே வேண்டும். மெலனொக்ஸ் போன்ற கம்பனியோ உலகெங்கணும் உள்ள ஆய்வகங்களுக்கும் வங்கிகளுக்கும் தரவு மையங்களுக்கும் விற்று, அவ்விலாபத்தைக் கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை புதிய சில்லை வெளியிட வல்லது. மேலும் அட்டை தனித்து வாழும் பொருளன்று. சேவையகத்தின் உட்பாட்டை மாறுந்தோறும் அட்டையும் மாறல் வேண்டும்: 1990 களிற் பீசிஐ, 2003 முதற் பீசிஐ எக்ஸ்பிறெஸ், பின்னர் அதன் அடுத்தடுத்த தலைமுறைகள். மீக்கணினி ஒன்றுக்குப் பின் மற்றொன்று ஐந்தாண்டு இடைவெளியில் வரும் நாட்டில், அட்டையும் ஐந்தாண்டுக்கொருமுறையே புதுப்பிக்கப்படும். உலகமோ அதற்குள் இருமுறை மாறிவிடும். அரசின் கட்டளைக்காகச் செய்யப்படும் பொருள் சந்தையின் கடிகாரத்தோடு ஓட இயலாமற் போனது என்பதே நேரிய விளக்கம்.

அவ்வாறாயின் வாங்கி உபயோகிப்பதே அறிவுடைமை என்பார்க்கு விடை கூறல் வேண்டும். அவர்கள் வாதத்திலும் வலிமை உண்டு. வானிலை ஆய்வாளனுக்கு வேண்டியது நாளைய மழையின் கணிப்பு. அட்டையின் பிறப்பிடம் அன்று. 2013 இல் இன்பினிபாண்டை மறுத்துப் பழைய 10 கிகாபிற்றோடு நின்றிருந்தால், அத்தனை செயலிகளும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்திருக்கும். ஆயினும் மறுபக்கமும் நோக்கத்தக்கது. மெலனொக்ஸ் கம்பனியை 2020 இல் என்விடியா என்னும் அமெரிக்கக் கம்பனி வாங்கிவிட்டது. விலை ஏறக்குறைய 700 கோடி டொலர். கணக்கிடும் சில்லும் பிணைக்கும் அட்டையும் ஒரே கையில் அடங்கின. 2022 ஒக்ரோபரில் அமெரிக்க அரசினர் சீனாவுக்கு உயர்திறன் சில்லுகளை விற்பதற்குத் தடை விதித்தபோது, கணக்கிடும் வேகத்தோடு, ஒரு சில்லு பிற சில்லுகளோடு தரவு பரிமாறும் வேகத்தையும் தடையின் அளவுகோலாகக் கொண்டனர். 1980 களிற் கணினியை மறுத்தவர், இப்போது பிணைப்பின் வேகத்தையும் மறுக்கக் கற்றனர். மறுக்கப்படும் பொருள் எதுவோ அதுவே அக்காலத்தின் அதிகாரம் உறையுமிடம் என்று கொள்வது வரலாற்று மாணவர்க்கு ஒரு நல்ல வழிகாட்டி.

இலங்கையின் அனுபவம் இவ்விடத்து ஒப்பிடத்தக்கது. கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திக்கம்பி 1858 இல் இயங்கத் தொடங்கிற்று. ஒளியிழைக் கடற்கம்பி 1994 இல் கொழும்பைத் தொட்டது. தூத்துக்குடியையும் கல்கிசையையும் நேரே இணைக்கும் பாரத் லங்கா கம்பி 2006 இல் வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ முதலியோர் 1990 அளவில் தொலைபேசிக் கம்பிவழி மின்னஞ்சல் பரிமாறத் தொடங்கிய கல்வி ஆய்வு வலையமைப்பு, இப்போது பல்கலைக்கழகங்களை ஒளியிழையால் இணைக்கின்றது. கம்பி வந்த வரலாறு இங்குமுண்டு. ஆனால் கம்பியின் இரு முனைகளிலும் அமரும் அட்டைகள் அந்தநாள் தந்திக்கருவியைப் போலவே கப்பலில் வந்திறங்குவன. சிறிய நாட்டுக்கு இது தவிர்க்கலாகாதது எனின் ஏற்கலாம். கவலைப்பட ஒன்றுமில்லை எனின் ஏற்றல் அரிது.

இந்திய அரசினர் 2015 இல் 4500 கோடி ரூபா மதிப்பில் தேசிய மீக்கணிப்புத் திட்டத்தைத் தொடங்கினர். அதன் வழியே 2019 முதல் காசி, பெங்களூர் முதலிய இடங்களில் மீக்கணினிகள் அமைந்தன. தமிழ்நாட்டில், திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட பொறிக்குப் பரம் பொருள் என்று பெயரிட்டனர். நொடிக்கு 838 இலட்சம் கோடிக் கணக்குகள் செய்யும் கணினியொன்றுக்குச் சைவநூலார் இறைவனுக்கு வழங்கும் பெயர் அமைந்ததைக் கண்டு முகஞ்சுளிப்பாரும் இருக்கலாம், மகிழ்வாரே பலராவர். இத்திட்டத்தின் தொடக்கப் பொறிகளில் இன்பினிபாண்ட் அட்டைகள் இடம்பெற்றன. ஆயினும் திட்டத்தின் உள்ளேயே, உருத்திரா என்னும் சேவையகத்தையும் திரிநேத்திரா என்னும் பிணைப்பையும் தாமே வடிவமைக்கும் பணியும் நிகழ்ந்தது. பரம்நெற்று விட்ட இடத்திலிருந்து நூல் மீண்டும் நூற்கப்பட்டது என்க.

2024 செப்ரெம்பரில் பூனா, தில்லி, கொல்கத்தா ஆகிய மூன்றிடங்களிற் பரம் உருத்திரா மீக்கணினிகள் திறந்துவைக்கப்பட்டன. திரிநேத்திராவோ மூன்று படிகளில் வளர்ந்து வருகின்றது. கருத்தைச் சோதிக்கும் முதற்படிக்குப்பின், 100 கிகாபிற்று வேகமுள்ள இரண்டாம் படி, சீ-டாக்கின் பூனா நிலையத்திலுள்ள உருத்திராப் பொறியில் நிறுவிச் சோதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் அரசினர் வெளியிட்ட அறிவிப்பின்படி, 200 கிகாபிற்று வேகமுள்ள மூன்றாம் படி பெங்களூரில் அமையவிருக்கும் பெரிய உருத்திராவுக்கென ஒதுக்கப்பட்டுள்ளது. உலகச் சந்தையில் 200 கிகாபிற்று இன்பினிபாண்ட் 2018 அளவிலும், 400 கிகாபிற்று 2022 அளவிலும் வந்துவிட்டன. இடைவெளி இன்னும் உண்டு. 2022 அளவில் வந்த 400 கிகாபிற்றோடு மூன்றாம் படியை ஒப்பிட்டால், அவ்விடைவெளி 2008 இல் இருந்த நான்கு மடங்கின் பாதி.